விடுபட்ட ஓர் எண்ணும் விடப்பட்ட பக்கங்களும்

லண்டன் கணிதக் கழகம் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விதழில் அறுபது பக்கங்களைத் தாண்டிய கட்டுரை ஒன்று இடம்பெற்றது. அதை எழுதியவர் கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜுக்குச் சென்றிருந்த 27 வயது இளைஞர் சீனிவாச இராமானுஜன். அக்கட்டுரையில் நீண்ட அட்டவணை ஒன்று உண்டு. சின்னஞ்சிறு எண்களில் தொடங்கும் அந்த அட்டவணை 67,46,32,83,88,800 என்ற எண்ணில் முடிகிறது. இன்றைய வரவு செலவுத் திட்டங்களின் மொழியில் சொன்னால், அது ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி.

கணிப்பொறி இல்லாத காலம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை வரிசை பிறழாமல் கையால் கணக்கிட்டுக் கண்டறிந்தார் இராமானுஜன். அந்த வரிசையில் ஒரே ஓர் எண் மட்டும் விடுபட்டுவிட்டது. 2,93,31,86,25,600 என்பதே அந்த எண். பின்னால் வந்த அறிஞர்கள் அதைக் கண்டறிந்து உரிய இடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அதே கட்டுரையிலிருந்து வேறொன்றும் விடப்பட்டது. இராமானுஜன் எழுதி வைத்திருந்த பல பக்கங்கள் அச்சுக்கே போகவில்லை. அதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை. அந்தப் பக்கங்கள் உரிய விளக்கக் குறிப்புகளுடன் கணித ஆய்விதழ் ஒன்றில் அச்சேற 82 ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இராமானுஜனின் வாழ்க்கையைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிவரும் கதையில் எது குறைகிறது என்பது விளங்கும்.

முதலில் அந்த எண்களைப் பற்றிச் சிறிது பார்ப்போம். 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். இவை அதன் காரணிகள். 12-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. அதேபோல 60-க்குப் பன்னிரண்டு காரணிகள்; அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சி நிற்கும் எண்களை உயர் பகு எண்கள் எனலாம். இராமானுஜனின் கட்டுரை இவற்றைப் பற்றியதே.

பகா எண் தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் வகுபடாது. உயர் பகு எண்ணோ பங்கிடுவதற்கென்றே அமைந்தது போன்றது. ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு மணியை 60 நிமிடமாகவும், வட்டத்தை 360 பாகையாகவும், சில்லறைப் பொருளை டஜனாகவும் மனிதர்கள் பிரித்துக்கொண்டதில் ஒரு வசதி இருக்கிறது. கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ தம்முடைய இலட்சிய நகரத்தில் 5,040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றார். நிலத்தையும் பொறுப்புகளையும் எத்தனை விதமாகப் பிரித்தாலும் சமமாகப் பிரியும் என்பதே அதற்கு அவர் கண்ட காரணம். 5,040-க்கு 60 காரணிகள் உண்டு. அதுவும் ஓர் உயர் பகு எண்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிவந்தார். தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னதித் தெருவிலிருந்த சிறிய வீட்டில் வளர்ந்த சிறுவன், நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகளைக் குவித்தான். பள்ளி இறுதியை நெருங்கும் வயதில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. தேர்வுக்குப் படிப்போருக்காக, ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிரூபணமின்றி அடுக்கித் தரும் நூல் அது. அந்த நிரூபணங்களைத் தாமே கண்டறிவதில் தொடங்கிய பயணம், பிறகு எந்த நூலிலும் இல்லாத தேற்றங்களை நோக்கிப் போயிற்று.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறியதும் உதவித்தொகை பறிபோயிற்று. துணிக்கடைக் கணக்கரின் வருமானத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டுவது எளிதன்று. வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்குப் போய்த் திரும்பினார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியங்கியல் பாடம் தடையாக நின்றது. 1906-இலும் 1907-இலும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. முறைப்படியான கல்லூரிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அந்த நாள்களில் அவர் சிலேட்டுப் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். அது ஒரு மேதையின் விசித்திரப் பழக்கம் என்றே சொல்லப்படுகிறது. அதன் பின்னால் இருந்தது காகிதத்தின் விலை. வழிமுறை முழுவதையும் எழுதக் காகிதம் வாங்க அவரிடம் காசு இல்லை. நோட்டுப் புத்தகங்களில் முடிவுகள் மட்டும் எஞ்சி, நிரூபணங்கள் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக நிரூபிக்கப் பிற்காலக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் எனக்கு இது ஒரு பாடமாகவே தோன்றுகிறது. அன்று மிச்சமானது சில தாள்கள். அதற்கு ஆன செலவைப் பின்வந்த தலைமுறைகள் உழைப்பாகக் கொடுத்தன.

1909-இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. வேலை தேடி அலைந்தபோது கைகொடுத்தவர்கள் சிலர். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி அய்யர் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் பரிந்துரைக் கடிதங்கள் தந்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. தலைமைக் கணக்கர் நாராயண அய்யர் தாமும் கணிதம் கற்றவர். துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் இளைஞரைப் பற்றி எடுத்துச் சொன்னவரும் அவரே.

அன்றைய கணக்கேடுகள் ரூபாய், அணா, தம்படியில் எழுதப்பட்டவை. ஒரு ரூபாய்க்கு 16 அணா; ஓர் அணாவுக்கு 12 தம்படி; ஆக 192 தம்படி. 192-க்கு 14 காரணிகள். இன்றைய ரூபாயின் 100 பைசாவுக்கு 9 காரணிகள்தாம். ஒரு ரூபாயை மூவருக்குச் சமமாகப் பங்கிட இன்று முடியாது; அன்று ஆளுக்கு 64 தம்படி என்று கணக்குத் தீர்ந்துவிடும். துறைமுகக் கணக்கேட்டிலிருந்துதான் உயர் பகு எண்கள் பிறந்தன என்று சொல்வதற்கில்லை. ஆனால், எந்த எண் எதனால் வகுபடும் என்பது அந்த எழுத்தருக்கு அன்றாடப் புழக்கத்தில் இருந்த விஷயம்.

1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும் அதன் விளைவும் எல்லோரும் அறிந்தவை. பலர் கவனிக்காதது, அதன்பின் சென்னையில் நடந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், இந்த எழுத்தருக்குக் கணிதத்தில் மட்டும் ஈடுபடும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் பெறாத ஒருவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தரப் பல்கலைக்கழக விதிகளில் இடமில்லை. ஆயினும், விதியைக் காட்டிக் கோப்பை மூடிவிடாமல் விலக்குக்கு வழி கண்டார்கள். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் அதே பல்கலைக்கழகம் தந்தது. தேர்வு விதி ஒன்று ஒரு மாணவனை வெளியே தள்ளியது. விதியைத் தளர்த்தத் துணிந்த சிலர் அவனை உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறியவர் ஏப்ரல் நடுவில் லண்டன் சேர்ந்தார். நான்கு மாதங்களில் உலகப் போர் மூண்டது. கல்லூரிகள் வெறிச்சோடின. ஹார்டியின் கூட்டாளி லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றுவிட்டார். மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் இராமானுஜன் தாமே சமைத்துக்கொண்டார். அந்தச் சூழலில் எழுதப்பட்டதுதான் உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரை.

அட்டவணையின் கடைசி எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்கினால் 67,46,32,83,88,800 கிடைக்கும். அதன் ஒவ்வொரு காரணியும் இதே பகா எண்களால் ஆனது. ஒரு காரணியை அமைக்க 2-ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம். ஆறு முறை வரை எடுக்கவும் செய்யலாம். ஆக ஏழு வழிகள். இப்படியே 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு வழிகள். அனைத்தையும் பெருக்கினால் 10,080. அத்தனை காரணிகள் அந்த எண்ணுக்கு.

ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று அடுக்குகள் படிப்படியாக இறங்குவதைக் கவனிக்கலாம். எந்த உயர் பகு எண்ணிலும் அடுக்குகள் ஏறுவதில்லை என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும் என்றும் இராமானுஜன் நிரூபித்தார். வரிசை நீள நீள, அடுத்தடுத்த இரு உயர் பகு எண்களின் விகிதம் ஒன்றை நெருங்கும் என்பதையும் நிறுவினார். கனவில் தெய்வம் எழுதிக்காட்டியதாகச் சொல்லப்படும் கணிதம் அன்று இது. படிப்படியாகச் சென்று, ஒவ்வொரு படியையும் நிரூபித்து, நிரூபித்ததை எண்களில் சரிபார்த்த உழைப்பு.

இப்போது கடைசி எண்ணிலிருந்து 23-ஐ நீக்குவோம். கிடைப்பது 2,93,31,86,25,600. ஆம், விடுபட்ட எண்ணேதான். அதன் காரணிகள் 10,080-இல் பாதி, அதாவது 5,040; பிளேட்டோவின் நகரத்து எண்.

அதில் இன்னொரு சிறப்பும் உண்டு. நான்கு காரணிகள் உடைய எண்களில் மிகச் சிறியது 6. ஆறு காரணிகள் உடையவற்றில் மிகச் சிறியது 12. பன்னிரண்டுக்கு 60. அறுபதுக்கு 5,040. ஐயாயிரத்து நாற்பது காரணிகள் உடைய எண்களில் மிகச் சிறியது எது என்று கேட்டால், விடை விடுபட்ட அந்த எண். இச்சங்கிலியின் அடுத்த கண்ணி எழுபது இலக்கங்களைத் தாண்டிவிடும். ஓர் எண்ணின் காரணிகளை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கும் எத்தனை காரணிகள் என்று மறுபடி கேட்டால் என்னவாகும் என்பதை அதே கட்டுரையில் இராமானுஜன் ஆராய்ந்திருக்கிறார். அந்த ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான எண்ணே அட்டவணையில் இடம்பெறாமல் போயிற்று. மனிதக் கை செய்த வேலை என்பதற்கு அது சான்றாக நிற்கிறது. அதனால் எந்தத் தேற்றமும் தளரவில்லை.

விடப்பட்ட பக்கங்களின் கதை அப்படிப்பட்டதன்று. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக இராமானுஜன் கட்டுரையின் பிற்பகுதியை விட்டுவிட்டார். அப்பகுதியில் காரணிகளின் எண்ணிக்கையோடு காரணிகளின் கூட்டுத்தொகையும் ஆராயப்பட்டிருந்தது. 12-இன் காரணிகளைக் கூட்டினால் 28. பெரிய எண்களுக்கு இந்தக் கூட்டுத்தொகை எந்த அளவுக்கு உயர முடியும் என்பது கேள்வி. கணிதத்தின் தீராப் புதிர்களில் தலையாயதான ரீமன் கருதுகோள் உண்மையாயின், போதிய அளவு பெரிய எண்களுக்கு இக்கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்று அந்தப் பக்கங்களில் அவர் காட்டியிருந்தார்.

அது தெரியாமலேயே 1984-இல் பிரான்ஸ் நாட்டின் ராபின் அதே வரம்புக்கு வந்து சேர்ந்தார். அவர் ஒரு படி மேலே சென்று, 5,040-ஐவிடப் பெரிய எந்த எண்ணும் அந்த வரம்பைத் தாண்டவில்லை என்றால் ரீமன் கருதுகோள் உண்மை, ஒரே ஓர் எண் தாண்டினாலும் அது பொய் என்று நிரூபித்தார். 1988-இல் இராமானுஜனின் அச்சேறாத தாள்கள் படியெடுத்து வெளியிடப்பட்டன. 1997-இல் நிக்கோலாவும் ராபினும் விளக்கக் குறிப்புகள் எழுதி, விடப்பட்ட பகுதியை அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பிளேட்டோ பங்கீட்டுக்காகத் தேர்ந்த 5,040 இங்கே மறுபடியும் எல்லைக்கல்லாக நிற்பது கணிதம் அவ்வப்போது காட்டும் அழகு. அச்சிடக் காசில்லாததால் ஒரு கருத்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காத்துக்கிடந்தது என்பதோ நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

அச்சான பகுதியே போதுமானதாயிற்று. எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தவறியவருக்கு, இந்தக் கட்டுரையின் அடிப்படையில் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிவழிப் பட்டம் அளித்தது. 1917-இல் உடல்நலம் குலைந்தது. அன்று காசநோய் என்று கருதப்பட்ட நோயுடன் மருத்துவ இல்லம் மாறி மருத்துவ இல்லமாகக் கழிந்தன மாதங்கள். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சென்னைப் பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அறிவித்தது. அதற்கு 1919 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையில் இங்கிலாந்திலிருந்து அவர் எழுதிய பதில் கடிதம் பரவலாக அறியப்பட வேண்டியது. அந்தத் தொகை தம் தேவைக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம்முடைய அவசியச் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்களின், அனாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பது போன்ற கல்விப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உதவித்தொகையை இழந்து கல்லூரியிலிருந்து வெளியேறிய ஒருவர், தமக்குப் பணம் வந்த சந்தர்ப்பத்தில் நினைத்துப் பார்த்தது கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளை.

1919 மார்ச் 27 அன்று பம்பாய் வந்திறங்கினார். ஓராண்டு கழித்து, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. படுக்கையிலும் சிலேட்டும் தாளுமாக உழைத்து அவர் எழுதியவை 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளரின் கண்ணில் பட்டன.

இராமானுஜனைத் தெய்வ அருளின் விளைவாகக் காண்போர் அவ்வாறே காணட்டும். அவரே நாமகிரித் தாயாரிடம் பக்தி கொண்டவர். ஆனால், அதிசயம் என்று சொல்லி வியந்து நிற்பதில் ஒரு வசதி இருப்பதை நாம் உணர வேண்டும். அதிசயத்துக்குக் காகிதம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், விதியைத் தளர்த்தும் அதிகாரியும் வேண்டாம். உழைப்பாளிக்கு இவையெல்லாம் வேண்டும். மாதம் 25 ரூபாயும் 75 ரூபாயும் உரிய நேரத்தில் கிடைத்ததால்தான் அந்த அட்டவணை நமக்குக் கிடைத்தது. அச்சுக்குப் பணம் கிடைக்காததால் அந்தப் பக்கங்கள் கிடைக்காமல் போயின. தனி மனிதனின் கவனத்திலிருந்து தப்பிய எண்ணை இன்னொருவர் சேர்த்துவிட முடியும். சமூகத்தின் கஞ்சத்தனத்தால் எழுதப்படாமலே போனவற்றை எவர் சேர்ப்பது?

இராமானுஜனின் பிறந்த நாளை 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறோம். மாலைகளும் உரைகளும் தொடரட்டும். அவற்றோடு, ஒரு பாடத்தில் தவறியதற்காக உதவித்தொகையை இழந்து நிற்கும் மாணவரின் பெயர் தம் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு கல்லூரியும் அன்று ஒருமுறை பார்க்கலாம். 1919-இல் வந்த அந்தக் கடிதத்துக்கு நாம் தரக்கூடிய பொருத்தமான பதில் அதுவாகவே இருக்கும்.